சூரிய மின்கலத்தின்மேல் வலை ஆன்டெனா: கியூப்சாட் மாணவர்களுக்கு ஒரு விரிவான பதில்

காரைக்குடியில் பொறியியல் படிக்கும் மாணவர் குழு ஒன்று என்னிடம் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. பத்து சென்டிமீட்டர் கனசதுரமான ஒரு கியூப்சாட்டை, அதாவது சின்னஞ்சிறு செயற்கைக்கோளை, அவர்கள் வடிவமைத்துக்கொண்டிருக்கிறார்கள். படங்களைக் கீழே அனுப்ப 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் எஸ் பேண்ட் ஆன்டெனா ஒன்று வேண்டும். ஆனால் ஒரு முகத்தைக் கேமராவும், இன்னொரு முகத்தை விரிந்து நிற்கும் யு.எச்.எஃப். (எஸ் பேண்டைவிடக் குறைந்த அதிர்வெண்) ஆன்டெனா நாடாக்களும் எடுத்துக்கொண்டுவிட்டன, மீதமுள்ள நான்கு முகங்களிலும் சூரிய மின்கலங்கள். ஒளி ஊடுருவும் ஆன்டெனா ஒன்றைக் கலங்களின் மேலேயே ஒட்டிவிட்டால் இடமும் மிச்சமாகும், மின்சாரமும் குறையாது அல்லவா, அதற்கு ஐ.டி.ஓ. என்கிற இண்டியம் டின் ஆக்சைடு படலம் நல்லதா, மெல்லிய செம்புக் கோடுகளாலான வலை நல்லதா என்று கேட்கிறார்கள்.

வலைதான் நல்லது. ஆனால் உங்கள் கடிதம் முழுவதும் ஒளி எவ்வளவு ஊடுருவும் என்பதைப் பற்றியே பேசுகிறது. இந்த வேலையில் எளிதான பகுதி அதுதான். மேலே போடுகிற ஆன்டெனாவைவிட, அதற்கும் கலத்துக்கும் நடுவில் இருக்கும் கண்ணாடியும், அடியில் கிடக்கும் கலமும்தான் உங்களைச் சோதிக்கப்போகின்றன. அவற்றுக்குப் போகும் முன் சில கணக்குகளைச் சேர்ந்தே போட்டுவிடுவோம்.

உங்கள் கனசதுரத்தின் ஒரு முகத்தில், விண்வெளிக்கென்று செய்யப்படும் மூன்றடுக்குக் கலங்கள் இரண்டு வைக்கலாம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 சதுர சென்டிமீட்டர். வளிமண்டலத்துக்கு வெளியே சூரிய ஒளியின் வலிமை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1361 வாட். கலத்தின் திறன் 29 சதவீதம் என்று வைத்தால், முகம் சூரியனை நேராகப் பார்க்கும் கணத்தில் இரண்டு கலங்களும் சேர்ந்து 2.4 வாட் அளவுக்குத் தரும். இதை நம்பித்தான் உங்கள் செயற்கைக்கோள் வாழவேண்டும். 2009இல் பறந்த அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 40 கிலோ எடை கொண்டது. அந்த அளவில் ஆன்டெனாவுக்குத் தனி இடம் ஒதுக்குவது பெரிய சிக்கலாக இராது. 2016இல் பறந்த சத்யபாமாசாட் ஒன்றரைக் கிலோதான். நீங்கள் இருப்பது இரண்டாவது ஊரில்.

யு.எச்.எஃப். மட்டும் போதாதா என்று சிலர் உங்களிடம் கேட்டிருப்பார்கள். காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. துருவங்களைத் தொட்டுச் சுற்றும் செயற்கைக்கோள் ஒன்று, துருவத்தருகே உள்ள நிலையத்துக்கு ஏறக்குறைய ஒவ்வொரு சுற்றிலும் காட்சி தரும். நம் ஊருக்கு ஒரு நாளில் நான்கு முறை, பத்துப் பத்து நிமிடம் கிடைத்தால் அதுவே பெரிது. விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் பத்து நிமிடம் இடைவிடாமல் அனுப்பினாலும் 720 கிலோபைட்தான் இறங்கும். சுமாரான படம் ஒன்று. எஸ் பேண்டில் விநாடிக்கு ஒரு மெகாபிட் கிடைத்தால் அதே பத்து நிமிடத்தில் 75 மெகாபைட் இறங்கும். ஆகவே உங்கள் தேவை நியாயமானதுதான்.

இப்போது ஐ.டி.ஓ. படலத்தை எடுத்துக்கொள்வோம். கைப்பேசித் திரையில் நாம் தொடுகிற அதே பொருள்தான். நல்ல தரத்தில் செய்தாலும் அதன் மின்கடத்துதிறன் செம்பினுடையதில் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டுவது கடினம். உயர் அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் மேற்தோலில்தான் ஓடும் என்பது உங்களுக்குத் தெரியும், 2.4 கிகாஹெர்ட்ஸில் செம்புக்கு அந்தத் தோல் ஆழம் 1.35 மைக்ரான், ஐ.டி.ஓ.வுக்குப் பத்து மைக்ரான். படலம் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கவேண்டுமென்றால் அதன் தடிமன் 0.2 மைக்ரான் அளவில் நின்றுவிட வேண்டும். பத்து மைக்ரான் ஆழத்துக்கு ஓட விரும்பும் மின்னோட்டத்தை ஐம்பதில் ஒரு பங்கு தடிமனுக்குள் திணிக்கிறோம். விளைவு, ஒரு சதுரத்துக்கு 5 ஓம் அளவிலான மின்தடை. தடிமனான செம்புத் தகட்டுக்கு அதே அளவு 0.013 ஓம்தான்.

இந்த 5 ஓம், ஆன்டெனாவின் திறனை என்ன செய்யும்? இரண்டு மில்லிமீட்டர் தடிமனான கண்ணாடியின்மேல் சாதாரண பேட்ச் ஆன்டெனா (உலோக அடித்தளத்தின்மேல் சற்று இடைவெளி விட்டுக் கிடக்கும் தட்டையான உலோகத் துண்டு) ஒன்றை வைத்து, மற்ற இழப்புகளையெல்லாம் மறந்துவிட்டு நான் போட்ட கணக்கில், கொடுக்கும் சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் வானலையாக வெளியேறுகிறது. மீதி ஒன்பது பங்கும் படலத்தைச் சூடாக்குகிறது. 1997இல் நாசாவின் லூயிஸ் ஆய்வு மையத்தில் ரெய்னி சைமன்ஸும் ரிச்சர்ட் லீயும் ஒளி ஊடுருவும் பேட்ச் செய்யமுடியுமா என்று சோதித்தபோது கடத்தும் படலத்தைத்தான் எடுத்தார்கள். இயங்கும் என்பதை அவர்கள் காட்டினார்கள். இயங்குவது வேறு, ஒரு வாட் சக்தியை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் செயற்கைக்கோளுக்குத் தகுவது வேறு.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். சில செயற்கைக்கோள்களில் கலத்தின் மூடுகண்ணாடி மேலேயே ஐ.டி.ஓ. பூச்சு இருக்கும். அது ஆன்டெனாவுக்காக அன்று. விண்வெளியில் கண்ணாடிமேல் சேரும் நிலைமின்சாரம் வழிந்து போவதற்காக. கலங்களை வாங்கும்போது அந்தப் பூச்சு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் அதன் அருகே நீங்கள் வைக்கும் எந்த ஆன்டெனாவின் சக்தியிலும் அது பங்கு கேட்கும்.

வலைக்கு வருவோம். என் ஆயா வீட்டு வளவின் (நடுமுற்றத்தின்) மேல் இரும்புக் கம்பி வலை போட்டிருந்தார்கள். வெயிலும் மழையும் தாராளமாக உள்ளே வரும். காக்கையும் குரங்கும் வராது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்ணின் அளவு எதற்குப் பெரியது, எதற்குச் சிறியது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தொண்ணூறுகளில் மொட்டைமாடிகளில் நின்ற பெரிய வலைக் கிண்ணங்களும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்தன. கிண்ணத்தின் வழியே வானம் தெரியும், ஆனால் ஏழெட்டு சென்டிமீட்டர் நீளமுள்ள வானலைக்கு அது முழுத் தகடு. உங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் கண் அதற்கு ஓட்டையாகவே தெரியாது. ஒளிக்கோ அது வாசல்.

0.1 மில்லிமீட்டர் அகலமான செம்புக் கோடுகளை 2 மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் போட்டால் 90 சதவீத ஒளி உள்ளே போகும். மின்னோட்டம் இருபதில் ஒரு பங்கு அகலத்தில்தான் ஓடுகிறது என்பதால் மின்தடை இருபது மடங்காகும். அப்படியும் அது 0.26 ஓம்தான், 5 ஓம் அன்று. மேலே சொன்ன அதே கணக்கில், இழப்பு குறைந்த குவார்ட்ஸ் கண்ணாடியோடு, மூன்றில் இரண்டு பங்கு சக்தி வெளியேறும். டெசிபலில் சொன்னால் இழப்பு 1.7. ஐ.டி.ஓ.வுக்கு இழப்பு பத்து. இதற்குமேல் அந்த ஒப்பீட்டை நீட்ட வேண்டியதில்லை.

வலையின் அமைப்பில் கண்டாங்கிச் சேலை நெய்பவருக்கு எளிதில் விளங்கும் நுட்பம் ஒன்று உண்டு. ஒரு திசை முனைவாக்கம் (அலையின் மின்புலம் ஒரே திசையில் ஆடுவது) கொண்ட பேட்சில் மின்னோட்டம் நீளவாக்கில் ஓடுகிறது. பாவு நூல்தான் சுமையைத் தாங்குகிறது, ஊடை நூல் பெரும்பாலும் சும்மா கிடக்கிறது. ஆகவே குறுக்குக் கோடுகளை அரிதாக்கி, மிச்சமாகும் ஒளியை நெடுக்குக் கோடுகளைத் தடிப்பாக்கச் செலவிடலாம். ஆனால் உங்கள் செயற்கைக்கோள் உருண்டுகொண்டே பறக்கும் என்பதால் வட்ட முனைவாக்கம் வேண்டும் என்று உங்கள் வழிகாட்டி சொல்லியிருப்பார். அவர் சொல்வது சரி. வட்டத்துக்குப் போனால் இரண்டு திசையிலும் மின்னோட்டம் ஓடும், கட்டம் முழுதாக வேண்டும், இந்தச் சலுகை போய்விடும். இன்னொன்று: வலையில் மின்னோட்டம் நெளிந்து செல்வதால் முழுத் தகட்டைவிட ஒத்திசைவு அதிர்வெண் சற்றுக் கீழே இறங்கும். முழுத் தகட்டுக்குச் சூத்திரம் தரும் நீளத்தை அப்படியே வெட்டிவிட்டு, அளக்கும்போது அதிர்வெண் குறைகிறதே என்று திகைக்க வேண்டாம்.

ஒளியைக் காப்பாற்றுவதற்காகக் கோடுகளை மேலும் மேலும் மெலிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இங்கேதான் எனக்கே வியப்பளித்த கணக்கு ஒன்று வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பேட்ச் கண்ணாடியின்மேல் ஏறக்குறைய 3 சென்டிமீட்டருக்கு மூன்றரை சென்டிமீட்டர் இருக்கும். பத்து சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். அதில் பத்து சதவீதம் நிழல் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டர். அது முழுவதும் ஒரே கலத்தின்மேல் விழுந்தால், தொடரிணைப்பில் உள்ள இரண்டு கலங்களின் மின்னோட்டமும் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேலே குறையும்; நேர் வெயிலில் 0.08 வாட் இழப்பு. உருளும் முகம் சராசரியாக நாலில் ஒரு பங்கு ஒளியைத்தான் காணும், சுற்றில் ஒரு பகுதி இருட்டு என்பதையெல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு 0.3 வாட்-மணி. மறுபக்கம், 1.7 டெசிபல் இழப்பை ஈடுகட்ட ஒரு வாட் டிரான்ஸ்மிட்டரை ஒன்றரை வாட்டாக்க வேண்டும். பெருக்கியின் திறன் 30 சதவீதம் என்றால் கூடுதலாக 1.6 வாட் மின்சாரம். நாளுக்கு நாற்பது நிமிடம் அனுப்பினால் அது 1.07 வாட்-மணி. ஆக, நிழலைவிட ஆன்டெனா இழப்பு மூன்று மடங்குக்கும் மேல் விலை கேட்கிறது.

கோட்டின் அகலத்தை 0.2 மில்லிமீட்டராக்குங்கள். ஒளி 81 சதவீதமாகக் குறையும், நிழலின் செலவு 0.57 வாட்-மணியாகும்; ஆனால் ஆன்டெனா இழப்பு ஒரு டெசிபலாக இறங்கி அதன் செலவு 0.58 ஆகும். கூட்டிப் பார்த்தால் முன்னே 1.37, இப்போது 1.15. அதாவது ஒளி ஊடுருவல் குறைந்த வலையே மின்சாரத்தை அதிகம் மிச்சப்படுத்துகிறது. உங்கள் டிரான்ஸ்மிட்டர் ஒரு நாளில் எத்தனை நிமிடம் இயங்கும் என்பது மாறினால் இந்தத் தராசும் சாயும். ஆகவே என் எண்களை எடுத்துக்கொள்ளாமல் உங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

முழுத் தகட்டையே ஒட்டிவிட்டால் என்ன என்று யாரும் கேட்டால், தொடரிணைப்புதான் பதில். பத்து சதுர சென்டிமீட்டர் முழு நிழல் ஒரு கலத்தின் மூன்றில் ஒரு பங்கு; அந்த ஒரு கலம் பலவீனமானால் அதனோடு கோத்த நல்ல கலமும் அந்த அளவுக்கே மின்னோட்டம் தரும்.

அடுத்தது கண்ணாடியின் தடிமன். கலத்தின்மேல் ஏற்கெனவே 0.1 மில்லிமீட்டர் மூடுகண்ணாடி இருக்கிறதே, அதன்மேலேயே வலையை அச்சிட்டுவிடலாம் என்பது உங்கள் திட்டம். தயவுசெய்து செய்யாதீர்கள். பேட்ச் ஆன்டெனாவுக்கு உயிரே அதன் ஓரத்துக்கும் அடித்தளத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான். அந்த இடுக்கின் வழியாகத்தான் அலை வெளியேறுகிறது. இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடியில் 25 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலம் கிடைக்கும் இடத்தில், 0.1 மில்லிமீட்டரில் ஒரு மெகாஹெர்ட்ஸ் அளவுக்குச் சுருங்கிவிடும். அதைவிட மோசம், ஓட்டை இல்லாத முழுச் செம்பு பேட்சாக இருந்தாலும் அந்த உயரத்தில் திறன் ஐந்து சதவீதத்தைத் தாண்டாது. சக்தி வெளியேற வழியில்லாமல் செம்பிலேயே சுற்றிச் சுற்றிச் சூடாகிவிடும்.

ஆகவே பேட்ச் இருக்கும் பகுதியிலாவது கண்ணாடி ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் இருக்கவேண்டும். ஒரு முகம் முழுவதற்கும் இரண்டு மில்லிமீட்டர் போட்டால் 44 கிராம் கூடும். 1.33 கிலோ என்ற பழைய வரம்புக்குள் வாழும் செயற்கைக்கோளுக்கு அது மூன்று சதவீதத்துக்கும் மேல். தாங்கலாம், ஆனால் கூச்சலிடாமல் தாங்கமுடியாது. எந்தக் கண்ணாடி என்பதும் முக்கியம். ஆய்வகத்தில் எளிதில் கிடைக்கும் போரோசிலிக்கேட் கண்ணாடி வானலையைச் சற்று உறிஞ்சும். நான் மேலே சொன்ன கணக்கில் குவார்ட்ஸுக்குப் பதில் அதை வைத்தால், வலையின் இழப்பைச் சேர்க்காமலே கால் பங்குக்கும் மேல் சக்தி போய்விடுகிறது. குவார்ட்ஸ் வானலைக்கு மிக நல்லது; ஆனால் வெப்பத்தில் அது விரிவதேயில்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவாக விரியும். அடியில் உள்ள ஜெர்மானியமோ அதைப்போல் பத்து மடங்கு விரியும். 80 மில்லிமீட்டர் நீளத்தில் 120 பாகை வெப்ப வேறுபாட்டுக்கு இரண்டுக்கும் இடையே 0.05 மில்லிமீட்டர் இழுபறி ஏற்படும். ஐந்நூறு கிலோமீட்டர் உயரச் சுற்றில் இந்த இழுபறி ஒரு நாளில் பதினைந்து முறை, ஓர் ஆண்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முறை நடக்கும். எனவே இறுகிப்போகும் எபாக்ஸி ஆகாது. நெகிழ்வான, ஒளி ஊடுருவும், வெற்றிடத்தில் ஆவி கக்காத விண்வெளித்தரச் சிலிக்கோன் பசைதான் வேண்டும்.

இனி, நான் தொடக்கத்தில் சொன்ன கலம். பேட்சுக்கு அடியில் நல்ல உலோக நிலத்தளம் வேண்டும். கலத்தின் முதுகில் முழு உலோகப் பூச்சு இருக்கிறது, அது போதும் என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் வானலை முதுகுக்குப் போகும் முன் கலத்தின் உடலைக் கடக்கவேண்டும். மூன்றடுக்குக் கலத்தின் பெரும்பகுதி ஜெர்மானியத் தகடு, ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர். அதன் மின்தடையெண் 0.01 ஓம்-சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் 2.4 கிகாஹெர்ட்ஸில் தோல் ஆழம் 0.1 மில்லிமீட்டர் வருகிறது. அதாவது மின்னோட்டம் உலோகத்தைச் சென்றடையும் முன் ஜெர்மானியத்திலேயே பெரும்பாலும் ஓடி முடிகிறது. அதன் மேற்பரப்பு மின்தடை ஒரு சதுரத்துக்கு ஓர் ஓம் அளவுக்கு வரும். நாம் அத்தனை கவலைப்பட்ட வலையின் 0.26 ஓமைப்போல் நான்கு மடங்கு. இதைக் கணக்கில் சேர்த்தால், மூன்றில் இரண்டாக இருந்த திறன் மூன்றில் ஒன்றுக்கும் கீழே போகிறது. மேலே கோட்டை எவ்வளவு நேர்த்தியாகப் போட்டாலும் இந்த இழப்பைத் தொடமுடியாது.

தப்பிக்க ஒரு வழியைக் கலமே வைத்திருக்கிறது. கலத்தின் முகத்தில் மின்சாரத்தைத் திரட்டும் மெல்லிய வெள்ளிக் கோடுகள் வரிசையாக ஓடுகின்றன. பேட்சின் மின்னோட்டத் திசையை அந்தக் கோடுகளுக்கு இணையாக வைத்தால், அடியில் திரும்பும் மின்னோட்டத்தின் ஒரு பெரும் பங்கை ஜெர்மானியத்துக்குப் பதில் வெள்ளி தாங்கிக்கொள்ளும். குறுக்காக வைத்தால் அந்த உதவி கிடைக்காது. வட்ட முனைவாக்கத்துக்கு இரண்டு திசையும் வேண்டுமே என்றால், கலத்தின் மூடுகண்ணாடிக்கும் தடித்த கண்ணாடிக்கும் நடுவில் இரண்டாவது வலை ஒன்றை நிலத்தளமாகப் போடலாம். மேல்வலையின் கோடுகளும் கீழ்வலையின் கோடுகளும் கலத்தின் வெள்ளிக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்படும்படி அமைத்தால், நேர் வெயிலில் புதிய நிழல் மிகக் குறைவாகவே விழும். வெயில் சாய்ந்தால் நிழல்கள் பிரியும். அந்த அளவு நேர்பாட்டை மாணவர் ஆய்வகத்தில் கையால் ஒட்டி அடைவது கடினம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

பேட்ச் இரண்டு கலங்களுக்கு நடுவில் பாதிப் பாதியாக உட்கார்ந்தால் நிழல் சமமாகப் பகிரப்பட்டு மின்னிழப்பு பாதியாகும் என்பது நல்ல யோசனைதான். ஆனால் கலங்களுக்கிடையிலான இடைவெளி மின்னோட்டத் திசைக்கு இணையாக இருக்கவேண்டும். குறுக்கே வந்தால் நிலத்தளத்தையே நடுவில் வெட்டியதாகிவிடும். அந்த இடைவெளி இன்னொரு விதத்திலும் பயன்படும். பேட்சுக்குச் சக்தி ஊட்ட கலத்தைத் துளைக்க முடியாது. பலகையின் அடியிலிருந்து அந்த இடுக்கின் வழியாகவே தொடாமல் இணைத்துவிடலாம். கலங்களின் நேர்மின்னோட்டக் கம்பிகள் உள்ளே நுழையும் இடத்தில் உயர் அதிர்வெண்ணைத் தடுக்கும் சிறு சுருள்களைப் போடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கம்பிகளும் சேர்ந்து ஒலிபரப்பும்.

இவ்வளவும் படித்தபின் உங்களுக்குச் சோர்வு தட்டியிருக்கலாம். அதனால்தான் இந்த யோசனையை இங்கே வைக்கிறேன். அந்த இடுக்கே ஆன்டெனாவாக இருந்தால் என்ன? இரண்டு ஆத்தங்குடிக் கற்களுக்கு நடுவே விடும் கோட்டைப்போல் கலங்களுக்கிடையே ஓர் இடம் எப்படியும் இருக்கத்தான் போகிறது. அங்கே பலகையின் செம்பில் ஒரு நீள வெட்டு, பின்னால் ஒரு மூடிய அறை. 2.4 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 62 மில்லிமீட்டர். பலகைப் பொருளின் மேல் இன்னும் குறையும். 80 மில்லிமீட்டர் நீளக் கலத்தின் ஓரத்தில் அது தாராளமாக அடங்கும். கண்ணாடி வேண்டாம், வலை வேண்டாம், ஒரு துளி ஒளியும் போகாது. அலைவரிசை அகலம் குறைவு, தனி வெட்டுக்கு ஒரு திசை முனைவாக்கம்தான் என்பவை குறைகள். அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரெய்ஹான் பக்தூரின் குழு வலை பேட்ச், வெட்டு ஆன்டெனா இரண்டையுமே சூரியப் பலகையோடு சேர்த்து ஆராய்ந்தது. டர்பினும் பக்தூரும் 2009இல் வெளியிட்ட வலை பேட்ச் ஆய்வை நீங்கள் படித்துவிட்டுத்தான் எனக்கு எழுதினீர்கள் என்று ஊகிக்கிறேன். அதே குழுவின் வெட்டு ஆன்டெனாக்களையும் படியுங்கள். முதல் செயற்கைக்கோளுக்கு என் வாக்கு வெட்டுக்குத்தான். வலையைத் தரையில் செய்து பழகி இரண்டாவதில் பறக்க விடலாம்.

பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். 2017இல் பறந்த நாசாவின் இசாரா என்ற மூன்று யூ (மூன்று கனசதுர அளவு) கியூப்சாட், விரியும் சூரியப் பலகைகளின் முன்பக்கத்தில் கலங்களையும் பின்பக்கத்தில் 26 கிகாஹெர்ட்ஸ் பிரதிபலிப்பு ஆன்டெனாவையும் அச்சிட்டிருந்தது, விநாடிக்கு 9.6 கிலோபிட்டிலிருந்து நூறு மெகாபிட்டுக்கு மேல் போவது அதன் இலக்கு. ஒரே பலகையில் இரண்டையும் வைத்தார்கள், ஆனால் ஒன்றின்மேல் ஒன்றாக அன்று, முதுகோடு முதுகாக. விரியும் பலகை இல்லாத உங்களுக்கு அந்த வழி இல்லை.

வலையைச் செய்தே தீருவது என்று முடிவெடுத்தால், நம் ஊரில் இருப்பது ஒரு நற்பேறு. வெற்றிடத்தில் படியவைத்த 0.2 மைக்ரான் செம்புப் படலம் போதாது. தோல் ஆழத்தைப்போல் மூன்று மடங்காவது, அதாவது நான்கைந்து மைக்ரானாவது வேண்டும். அதற்கு மின்முலாம்தான் வழி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உங்கள் கல்லூரிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கண்ணாடியில் பற்றும் அடிப்படலம் எது, கோட்டின் ஓரம் தடித்துப் போகாமல் முலாமிடுவது எப்படி என்பவற்றை இணையத்தில் தேடுவதைவிட அங்கே போய்க் கேட்பது மேல். வெள்ளியில் செய்ய ஆசைப்படாதீர்கள். தாழ்ந்த சுற்றுப்பாதையில் உள்ள தனி ஆக்சிஜன் அணுக்கள் வெள்ளியைத் தின்றுவிடும். செம்பு வலையின்மேல் 0.1 மில்லிமீட்டர் மூடுகண்ணாடி ஒன்றை ஒட்டி அடைத்துவிடுவது பாதுகாப்பு.

ஒட்டும்போது பசையில் காற்றுக் குமிழி நிற்கக்கூடாது. இங்கே அறையில் கடுகளவு இருப்பது மேலே வெற்றிடத்தில் விரிந்து கண்ணாடியை நெம்பிவிடும். பசையை வெற்றிடப் பெட்டியில் வைத்துக் குமிழி அடங்கிய பிறகே ஊற்றுங்கள். கண்ணாடியை ஒரு ஓரத்திலிருந்து மெல்லச் சாய்த்து இறக்குங்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டு நேராக வைத்து அழுத்தி, நடுவில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் குமிழியைச் சிறைபிடித்து, இரண்டு கலங்களை வீணாக்கியிருக்கிறேன்.

சோதனைக்கு மூன்று பலகைகள் செய்யுங்கள்: வெறும் கலம், கலமும் தடித்த கண்ணாடியும், கலமும் கண்ணாடியும் வலையும். பழகும்வரை விலை குறைந்த சிலிக்கான் கலங்களே போதும். மூன்றையும் மொட்டைமாடியில் ஒரே நேரத்தில், ஒரே சாய்வில் வைத்து மின்னோட்டத்தை அளந்தால், கண்ணாடியால் போனது எவ்வளவு, வலையால் போனது எவ்வளவு என்று பிரித்தறியலாம். ஒன்றன்பின் ஒன்றாக அளந்தால் இடையில் கடக்கும் மேகம் உங்கள் மூன்று சதவீதத்தை விழுங்கிவிடும். ஆன்டெனாவை அளக்க நானோ விஎன்ஏ என்ற சிறு கருவி வாங்குவதாக எழுதியிருந்தீர்கள்; தொடக்ககால மாதிரிகள் ஒரு கிகாஹெர்ட்ஸுக்குக் கீழேயே நின்றுவிடும், 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கலம் இருட்டில் இருக்கும்போதும் வெயிலில் மின்சாரம் தரும்போதும் இரண்டு முறை அளவெடுங்கள்.

ஆன்டெனா திருப்பியனுப்பும் சக்தி குறைவாக இருப்பதைக் கண்டு ஆன்டெனா நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். சக்தியையெல்லாம் சூடாக்கித் தின்னும் ஆன்டெனாவும் அதே அளவைத்தான் காட்டும், இன்னும் அழகாகவே காட்டும். திறனை அறிய ஒரு பித்தளைக் கிண்ணம் போதும். எட்டு சென்டிமீட்டர் விட்டமும் நான்கு சென்டிமீட்டர் உயரமும் உள்ள கிண்ணத்தைப் பேட்சின்மேல் கவிழ்த்து, விளிம்பு சுற்றிலும் பலகையின் செம்பைத் தொடும்படி அழுத்திப் பிடித்து ஒருமுறையும், எடுத்துவிட்டு ஒருமுறையும் அளக்கவேண்டும். கவிழ்த்திருக்கும்போது அலை வெளியேற வழியில்லை. அப்போதும் காணாமல் போகும் சக்திதான் உள்ளிழப்பு. கிண்ணத்தின் விளிம்பு கலத்தின்மேல் உட்கார்ந்தால் அளவு பொய்யாகிவிடும் என்பதால், சோதனைப் பலகையில் மட்டும் கலத்தைச் சிறியதாக வெட்டி, சுற்றிலும் செம்பு ஓரம் விட்டு வையுங்கள்.